தோல் சாலில் வளர்ந்த ஓமவல்லி

எங்கள் வீட்டு வாசல் கூரையின் விட்டத்தில் ஒரு தோல் சால் தொங்குகிறது. மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைப்பார்களே, அந்த எருமைத்தோல் சால்தான். அடியில் நாலு துளை, உள்ளே மண், மண்ணுக்கு மேலே ஓமவல்லி. குட்டையாக, நெருக்கமாக, காது காதாகத் தடித்த இலைகளோடு சாலின் வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் கடைசி மகளின் வீட்டுக்காரர் காட்பாடியிலிருந்து வந்திருந்தார். ரயில் எஞ்சின் கொட்டகையில் வேலை. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. சாப்பிட உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல எழுந்துபோய்ச் சாலிலிருந்து ஓர் இலை கிள்ளி, வலது உள்ளங்கையில் கசக்கித் தேய்த்துக்கொண்டு வந்து, கண்ணை மூடி ஜெபம் செய்தேன். கண்ணைத் திறந்தால் மாப்பிள்ளை என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய தட்டில் சோறு அப்படியே இருக்கிறது. அந்நேரம் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "ஏ ஓமவல்லி, கறி இன்னும் ரெண்டு துண்டு வெச்சிக்கச் சொல்லு. வெக்கப்பட்டா வயிறு ரொம்புமா?"

மாப்பிள்ளை திடுக்கிட்டு, "மாமா, அத்தை யார்கிட்ட பேசறாங்க?" என்றார்.

"உங்ககிட்டதான். பதிலையும் செடிகிட்டயே சொல்லிடுங்க" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு கதவுக்குப் பின்னால் நின்று, இதேபோலச் செடியிடம் பேசி, என்னை உயிரோடு நிறுத்தியவர் என் மாமியார். அவரைப் பற்றி என் பிள்ளைகளுக்கே நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். ஆனாலும் எழுதிவைத்துவிட வேண்டும் என்று அன்று சாயங்காலமே தீர்மானித்துவிட்டேன்.

மழை பொய்த்துக் கேழ்வரகு கதிர் வைக்காமலே கருகிய ஒரு வருஷத்தில், கல்யாணமான புதிதில், நான் பிழைப்புத் தேடி ஆற்றோரம் வந்தேன். ஜெர்மன் சண்டைக்கு ஐந்தாறு வருஷம் முந்தி இருக்கும். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில், ஒரு சாயபுவின் தோல் பதனிடும் டானரி இருந்தது. அதன் மதிலை ஒட்டினாற்போல் வேலையாட்களுக்கு வரிசையாக வீடுகள். எனக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை கொடுத்தார்கள். உப்பு போட்ட ஆட்டுத்தோலைக் குழியில் ஊறப்போட்டு, மயிர் நெகிழ்ந்ததும் தூக்கி, வழவழப்பான மரத்தின்மேல் விரித்து, மொண்ணைக் கத்தியால் சுரண்டித் தள்ள வேண்டும். உடம்பு உழைப்புக்கு நான் அஞ்சியவனில்லை. நாற்றம்தான் என்னைத் தோற்கடித்தது. "இன்னா தம்பி, மூக்கச் சுளிச்சிக்கினே எத்தினி நாளு ஓட்டுவ? ஒரு மாசம் போனா இதுவே மல்லிப்பூ மாதிரி மணக்கும் பாரு" என்று மேஸ்திரி சொன்னார். அவருக்கு மணந்திருக்கலாம். எனக்கு மூன்று மாதம் போயும் மணக்கவில்லை.

காற்றில் வரும் நாற்றத்தை எப்படியோ பொறுத்துக்கொண்டேன். கையில் ஏறிய நாற்றத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சாம்பல், சீயக்காய், புளி, ஆற்று மணல் எல்லாம் போட்டுத் தோல் எரியும்வரை தேய்ப்பேன். கழுவிய கை வெளுப்பாக இருக்கும். ஒரு பிடி சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனால் ஊறல் குழியே மூக்குக்கு நேராக வந்து நிற்கும். தட்டைத் தள்ளிவிடுவேன். ஆனால் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவர்களெல்லாம் தின்கிறார்களே, நான் மட்டும் என்ன ஜமீன் வீட்டுப் பிள்ளையா என்ற வெட்கம். மனைவி கேட்டால் பசியில்லை என்பேன். இதைவிட ஒன்று என்னை அதிகமாக வருத்தியது. தினமும் சோற்றின் முன் உட்கார்ந்து, கொடுத்த ஆகாரத்துக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்வேன். சொல்லிவிட்டு உடனே தட்டைத் தள்ளுவேன். நன்றி என்று வாயால் சொல்லி வேண்டாம் என்று கையால் சொல்வது பொய்யல்லாமல் வேறு என்ன? ஒரு கட்டத்தில் ஜெபம் செய்யவே கூச்சமாகிவிட்டது. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. என் மனைவி அப்போது ஐந்து மாதம்.

எங்கள் டானரிக்கு ஆவாரம்பட்டை ஆலங்காயம் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து வண்டி வண்டியாக வரும். தோல் பதமாவதற்கு அந்தப் பட்டைத் தண்ணீர்தான். என் மாமியார் ஊரும் அந்தப் பக்கமே. என் மனைவி ஒரு வண்டிக்காரரிடம், "எங்க வூட்டுக்காரரு சோறு திங்கறதில்லன்னு எங்கம்மாகிட்ட சொல்லிடுங்கண்ணா" என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். அடுத்த வண்டியில், பட்டைக் கட்டுகளின்மேல், ஒரு மூட்டையோடும் ஒரு கோழியோடும் என் மாமியார் வந்து இறங்கினார். நெடுநெடுவென்று உயரம், ஒடிசல் உடம்பு. புருஷனை இழந்து எட்டு வருஷமானவர். மாப்பிள்ளை வீட்டில் மாமியார் வந்து தங்குவது எங்கள் ஜனத்தில் மரியாதைக் குறைவு. மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே நின்று பேசுவது அதைவிடக் குறைவு. அதனால் வாசலில் நின்று, முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கையிலிருந்த கோழியிடம் சொன்னார்: "ஏ கோழி, பத்து நாளு இருந்துட்டுப் போய்டுவோம். யாரும் பேஜார் படவேணாம்னு சொல்லு." அந்தப் பத்து நாள் பத்தொன்பது வருஷமாக நீண்டது.

முதல் மூன்று நாள் அவர் ஒன்றும் செய்யவில்லை. கதவிடுக்கில் நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காற்று சேஷ்டை என்றார் ஒருவர், காமாலை என்றார் இன்னொருவர். மாமியார் எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினார். நான்காம் நாள் காலையில் நான் ஒரு மொந்தை கேழ்வரகுக் கஞ்சியை அண்ணாந்து குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். மத்தியானம் வந்து சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தேன். உள்ளேயிருந்து குரல் கேட்டது: "ஏ கோழி, கேளு. மொந்தையில குடுத்தா குடிக்கிறாரு. தட்டுல போட்டா எந்திரிச்சிக்கிறாரு. வாயிக்கு நோவுன்னா ரெண்டும் எறங்கக் கூடாது. நோவு வாயில இல்ல. கையில கீது."

மூன்று மாதமாக நான் ஒளித்துவைத்ததை மூன்று நாளில் கண்டுபிடித்துக் கோழியிடம் சொல்லிவிட்டார். என் மனைவி ஓடிவந்து என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இத்தினி நாளா ஏன் சொல்லல?" என்று அழுதாள். மாமியார் அழவில்லை. மூட்டையை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பிள்ளைத்தாய்ச்சிக்குச் சளி பிடித்தால் ஆகுமென்று ஈரத்துணியில் சுற்றி ஒரு பிடி ஓமவல்லித் தண்டு கொண்டுவந்திருந்தார். மகளைக் கூப்பிட்டு இரண்டு இலையைக் கொடுத்தார். அவள் என் கையில் வைத்து நசுக்கினாள். இலை மயிர் மயிராகச் சொரசொரத்தது. சாறு விரலிடுக்கிலெல்லாம் இறங்கியது. ஓமமும் கற்பூரமும் கலந்தாற்போல் காரமான ஒரு மணம் குப்பென்று எழுந்தது. நான் ஜெபம் செய்துவிட்டு ஒரு கவளம் எடுத்தேன். சோறு சோறாக மணந்தது. இரண்டாவது கவளம், மூன்றாவது கவளம். தட்டு காலியானது. கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏ கோழி, சட்டியில மிச்சம் கீதா பாரு" என்று கேட்டது.

ஆறு நாளில் இலை தீர்ந்தது. மிஞ்சிய தண்டுகளில் இரண்டை மாமியார் வீட்டின் பின்னால் நட்டார். எங்கேயும் தழைக்கிற செடி அது. ஒடித்துப் போட்ட இடத்தில் வேர்விடும். ஆனால் எங்கள் வரிசையில் மண் என்பது பேருக்குத்தான். தோலிலிருந்து உதறிய உப்பும் குழியிலிருந்து வழிந்த சுண்ணாம்பும் ஊறி ஊறி, வெயிலடித்தால் தரை வெள்ளையாகப் பூக்கும். கிணற்றுத் தண்ணீர் நாக்கில் வைத்தால் கரிக்கும். முதல் தண்டு நாலு நாளில் அழுகியது. இரண்டாவது ஒரு வாரத்தில். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்து, "இங்க மனுஷங்களே மொளைக்கறதில்லக்கா, செடி மொளைக்குமா?" என்றார். மாமியார் கடைசித் தண்டை ஈரத்துணியில் சுற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டானரி மதிலோரம் எறிந்து கிடந்த பொத்தல் சால் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். "ஏ கோழி, கீழ மண்ணு சரியில்லன்னா மேல வெச்சிக்கலாம். ஆகாசத்துல யாரும் உப்பு கொட்டல" என்றார்.

பல வருஷம் கிணற்றில் முங்கி எழுந்ததில் அந்தத் தோலிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் எப்போதோ போய்விட்டிருந்தன. பாலாற்றுக்கு அக்கரையிலிருந்து வண்டல் மண் சுமந்துவந்து அதில் நிரப்பினார். விட்டத்தில் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டினார். தண்ணீருக்கு ஆற்றில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்தார். ஊற்றுத் தண்ணீர் தேங்காய்த் தண்ணீர்போல இனிக்கும். குடிக்க ஒரு குடம், செடிக்கு ஒரு செம்பு என்று தினமும் சுமந்தார். பக்கத்து வீட்டு அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாக்கா, தண்ணி எறைக்கற சால்ல தோட்டமா? அடுத்தது செருப்புல கத்திரிக்கா போடுவியா?" மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உன் வாயில போட்டா இன்னும் நல்லா வளரும், அங்கதான் எரு ஜாஸ்தி" என்றார். இருவரும் அதற்குப் பிறகுதான் சிநேகமானார்கள்.

தண்டு வேர்விட்டு, இரண்டு இலை நாலாகி, நாலு எட்டாகியது. மாமியார் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். கிள்ளினால்தான் நெட்டையாகப் போகாமல் பக்கத்தில் வெடித்துப் புதராகுமாம். கோழியோடு பேசுவதை நிறுத்திவிட்டுச் செடியோடு பேச ஆரம்பித்ததும் அப்போதுதான். எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அதன் காதில் விழும். "ஏ ஓமவல்லி, இன்னிக்கு மழை வரும், சாக்கு எடுத்துக்கினு போவச் சொல்லு." "ஏ ஓமவல்லி, பொண்டாட்டி கால் வீங்கியிருக்குது, ஒரு கண்ணு பாக்கச் சொல்லு." நானும் வெற்றிலை போடும் சாக்கில் வாசலுக்கு வந்து செடியைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

கையில் தேய்க்க மட்டுமா, அந்த இலையைக் கொண்டு எத்தனை விதமாகச் சமைத்தார். இலையை எண்ணெயில் சுருளச் சுருள வதக்கி, உளுந்தும் மிளகாயும் புளியும் வறுத்து வைத்து அம்மியில் அரைத்த துவையல். பொடியாக அரிந்து கேழ்வரகு மாவில் பிசைந்து தட்டிய அடை. கருவாட்டுக் குழம்பு இறக்கும்போது நாலு இலையைக் கிழித்துப் போட்டு மூடிவிடுவார். கொதிக்கிற ரசத்தில் ஒருநாளும் போட மாட்டார். "இலையைக் கொதிக்க வெச்சா கோவிச்சிக்கும், கசக்கும். கொதி அடங்கினப்புறம் போட்டு மூடு" என்று மகளிடம் சொல்வார். கார்த்திகைப் பனியில் ஒரு தடவை கிள்ளாமல் விட்ட நுனியில் வெளிர் நீலத்தில் சின்னச் சின்னதாகப் பூ வந்தது. அதைத் தேடி எங்கிருந்தோ தேனீ வந்தது. ஈயைத் தவிர வேறு எதுவும் வராத எங்கள் வரிசையில் தேனீ வந்ததை, வீட்டுக்கு வீடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குள் என் மூத்த மகள் பிறந்து, நானும் ஆளாகியிருந்தேன்.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் டானரியில் சுரண்டித் தள்ளிய ஆட்டுமயிரைக் குடியானவர்கள் வண்டி கட்டி வந்து எருவுக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். அதைப் போட்ட வயலில் நெல் நெஞ்சுயரம் நிற்கிறது என்று பேசிக்கொள்வார்கள். மாமியார் செய்த உபகாரத்துக்கு நான் என்ன திருப்பிச் செய்தேன் என்று மனசு குறுகுறுத்துக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை, குழியிலிருந்து அன்றுதான் வழித்த ஈர மயிரில் இரண்டு பிடி கோணியில் சுருட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சாலின் மண்ணைக் கிளறி, வேரைச் சுற்றி அடக்கி, மேலே மண்ணை மூடினேன். செடி திடீரென்று செழித்தால் மாமியார் அதிசயப்படுவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணம். குடியானவர்கள் அந்த மயிரை ஒரு மழைக்காலம் முழுவதும் வெட்டவெளியில் குவித்துவைத்து, சுண்ணாம்பெல்லாம் கழுவிப்போன பிறகே வயலில் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. குழியிலேயே நின்றவனுக்கு வெளியே போனதன் கதை எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் அடியிலை மஞ்சளித்தது. ஏழாம் நாள் தண்டு கறுத்துத் துவண்டது. பத்தாம் நாள் சாலில் குச்சிதான் நின்றது. என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாளின் கண் பட்டுவிட்டது என்று அவரோடு சண்டைக்குப் போனாள். "தேனீ வந்த அன்னிக்கே பார்த்தா பாரு ஒரு பார்வை!" என்று வாசலில் நின்று கத்தினாள். அந்த அம்மாள் அழுதுகொண்டே கதவைச் சாத்திக்கொண்டார். நான் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வார்? செடி செத்துவிட்டது, கோழியை மகளின் ஞானஸ்நானத்துக்கு அடித்துக் குழம்பு வைத்தாகிவிட்டது. வீடு ஊமையாகிவிட்டது. என் கையில் மறுபடியும் குழி நாற்றம் ஏறியது. மறுபடியும் தட்டைத் தள்ள ஆரம்பித்தேன். இந்தத் தடவை நாற்றத்தோடு பொய்யும் சேர்ந்திருந்தது.

அந்த மாதத் திருவிருந்து ஞாயிறு வந்தது; தேவாலயத்தில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற நாள். ஒருவர்மேல் ஒருவர் குறை வைத்துக்கொண்டு பந்திக்கு வரக்கூடாது என்று எங்கள் பாதிரி ஐயர் எப்போதும் சொல்வார். எல்லாரும் எழுந்து முன்னே போனார்கள். நான் எழவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து முந்தானைக்குள்ளாக ஒரு பார்வை என்மேல் விழுந்ததை உணர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே பின்பக்கம் போனேன். மாமியார் சட்டி துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போகத் திரும்பினார்.

"அத்தை, போவாதீங்க. செடியைக் கொன்னது நான்தான்" என்றேன்.

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார். முந்தானை சரிந்ததை அவர் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண்ணை நான் பார்த்தேன், அவர் என் கண்ணைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதா? மண்ணக் கெளறினா மயிரு மயிரா வருது. ஆடு தானா வந்து சால்ல ஏறி மொட்டை அடிச்சிக்கினு போச்சா?" என்றார்.

நான் தலையைக் குனிந்தேன். "தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கினு இருந்தேன். இன்னிக்கிச் சொல்லலன்னா நாளைக்கி நானே கேட்டிருப்பேன்." சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "எங்க வூட்டுக்காரருக்கு ஜுரம் வந்து வுட்டுப்போச்சு. சோறு மட்டும் எறங்கல. ஆம்பளகிட்ட இன்னா போய்க் கேக்கறதுன்னு நான் தட்ட வெச்சிட்டு வெளிய வந்து நின்னுக்குவேன். நாப்பது நாளு. போய்ட்டாரு. இன்னா கசந்துச்சின்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரோ இன்னாவோ. அதான் உங்க வூட்டுக் கதவாண்ட நின்னு பார்த்தேன். மானம் மருவாதி எல்லாம் வுட்டுட்டு வந்து குந்திக்கினு கீறேன். செடி செத்தா இன்னொண்ணு வெப்பேன். அதுவும் செத்தா இன்னொண்ணு. நீங்க சோத்த ஒதுக்க நான் வுட மாட்டேன். நாளைக்கி பட்டை வண்டி திரும்பிப் போவுது. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு ஏறுங்க. மண்ணுக் கூடை நீங்கதான் தூக்கணும். மொதல்ல போய் பக்கத்து வூட்டம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று கைகூப்பினேன். அந்த அம்மாள், "போப்பா, உன் பொண்டாட்டி வாயி எனக்குப் புதுசா?" என்று சொல்லி மோர் கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் வண்டியேறினோம். மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில் போவதைப் பார்க்க வரிசையே வாசலில் நின்றது. வண்டிக்காரர், "இன்னாம்மா, பொண்ணக் குடுத்துட்டு மாப்பிள்ளைய இட்டுக்கினு போறியா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார். மாமியார் வண்டியின் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முந்தானை தலைமேல் ஏறிவிட்டது. "இந்தச் செவலைமாட்டுக்குச் சொல்லுறேன், வெயிலு ஏறுது, தலையில துண்டு போட்டுக்கச் சொல்லு" என்றார். பழைய வழக்கம் திரும்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மனசுக்கு ஒரு நிம்மதியும் வந்தது.

ஆலங்காயத்து ஓடைக்கரையில், புங்கமரத்து நிழலில், இலை மக்கிக் கறுத்த மண்ணை இரண்டு கூடை வெட்டினோம். மாமியாரின் தம்பி ஆட்டுமயிர் எருவின் சூட்சுமத்தைச் சொல்லிச் சிரித்ததும் அங்கேதான். பத்துத் தண்டு ஒடித்து ஈரத்துணியில் சுற்றினோம். திரும்பும் வண்டியில் பட்டைக் கட்டு பாரம் ஜாஸ்தி என்று வண்டிக்காரர் கூடைகளை ஏற்ற மறுத்துவிட்டார். ஒரு கூடையை நான் தலையில் வைத்துக்கொண்டேன். இன்னொன்றை மாமியார் தலையில் வைத்துக்கொண்டார். நான் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். அவர் விலகி நடந்தார். வண்டிக்குப் பின்னாலேயே நடந்தோம். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிவைத்தோம். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் சாலைக் கழற்றி, ஆற்று ஊற்றில் முக்கி முக்கி நானே அலசினேன். கடைசி மயிர் போகும்வரை விரலால் துழாவினேன்.

அந்தப் பத்துத் தண்டில் ஏழு பிழைத்தது. ஒன்று எங்கள் சாலில். ஒன்றைப் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு மாமியாரே இன்னொரு பொத்தல் சால் தேடி நட்டுக்கொடுத்தார். மற்றவை வரிசையில் யார் யார் வீட்டுக்கோ போயின. சில மாதத்தில் சுண்ணாம்புக் குழி ஆட்கள் சோற்றுத் தூக்கோடு ஓர் இலையையும் மடியில் செருகிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தட்டைத் தள்ளியவன் நான் ஒருவன் மட்டுமல்ல, சொல்லாமல் இருந்தவர்கள் பலபேர் என்று. மல்லிப்பூ மணக்கிறது என்ற மேஸ்திரிகூட ஒருநாள் வாசலில் வந்து நின்று, "எனக்கில்லப்பா, எங்க வூட்டுல இருமல்" என்று நாலு இலை வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டில் அந்த இருமல் நின்றதே இல்லை.

பத்தொன்பதாம் வருஷம் மாமியாருக்கு உடம்பு தளர்ந்தது. நோய் என்று வைத்தியர் எதையும் சொல்லவில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. என் மனைவி ஊட்டினால் வாயைத் திருப்பிக்கொண்டார். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. பச்சரிசியைக் குழைய வேகவைத்து, கொதி அடங்கினபிறகு இரண்டு இலையைக் கிழித்துப் போட்டு மூடினேன். ஓர் இலையை என் கையில் கசக்கிக்கொண்டேன். தட்டோடு போய் அவர் பாயருகில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கை முந்தானையைத் தேடியது. தூக்கத் தெம்பில்லை. நானே அந்த முந்தானையை எடுத்து அவர் தலைமேல் இழுத்துவிட்டேன்.

"அத்தை, இன்னா கசக்குதுன்னு சொல்லுங்க. நான் கேக்கறேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டாம் தடவை. "கையக் குடுங்க" என்றார். கொடுத்தேன். எலும்பும் நரம்புமான இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் முகர்ந்தார். "தோல் வாசனையே இல்ல" என்றார். பிறகு வாயைத் திறந்தார். மூன்று கவளம் சாப்பிட்டார். நான் மெதுவாக ஸ்தோத்திரம் சொன்னேன். அந்த ஜெபத்தில் பொய் இல்லை. மறுநாள் உச்சிவெயில் நேரத்தில், மகள் மடியில், ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார்.

நான் டானரியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. கையில் நாற்றம் எதுவும் இல்லை. இது மூன்றாவது சால், செடி மட்டும் அந்த ஓடைக்கரைச் செடியின் வழி. இலையைக் கசக்கித் தேய்க்காமல் எனக்கு ஜெபம் வருவதில்லை. போன ஞாயிறு இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய்ச் சாலிலிருந்து ஓர் இலை கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். "என் கையிலயும் கரியும் எண்ணெயும் போவறதில்ல, மாமா. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவறேன். வூட்டுல கேட்டா பசியில்லன்னு சொல்லிடறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். கறியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கிளம்பும்போது ஈரத்துணியில் சுற்றிய ஐந்து தண்டு வாசற்படியில் தயாராக இருந்தது. "ஏ ஓமவல்லி, நுனியக் கிள்ளிக்கினே இருக்கச் சொல்லு. காட்பாடியில நல்ல தண்ணி கெடைக்குதான்னு கேளு."

மாப்பிள்ளை துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, சாலுக்கு நேரே போய் நின்று, பணிவாகச் சொன்னார்: "கெடைக்குதுன்னு சொல்லு. கெடைக்கலன்னாலும் சொமந்துக்கினு வருவேன்னு சொல்லு."